புளியாரையின் நாலாவது இலை

இதை எழுதுகிறவனுக்கு இந்தக் கதையில் சந்தேகம் வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. செவ்வாய்க்கிழமைச் சந்தையில் கீரை விற்கும் இருளாயி சொன்னது இது. ஆரைக்கீரை எது, புளியாரை எது என்று தெரியாமல் அவன் விழித்து நின்ற ஒரு காலையில், கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே சொன்னாள். அப்போதே அவன் நம்பவில்லை. மோர்கூடப் புளிக்காத ஒரு காலம் இருந்திருக்குமா? எறும்புக்கு நன்றி தெரியுமா? குளிக்கும்போது யோசித்தான், பேருந்தில் யோசித்தான், சாப்பிட்ட தட்டில் கை காய்கிறவரை யோசித்தான். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தக் கதையைக் கேட்ட பிறகு எந்த வயலோரத்திலும் அந்த இரண்டு செடிகளையும் அவன் மாற்றிச் சொன்னதில்லை. பொய்க் கதை ஒன்று இவ்வளவு சரியாக அடையாளம் காட்டுமா என்பது அவனுடைய அடுத்த சந்தேகம். அது இருக்கட்டும். முதலில் அவள் சொன்னபடி கதை.

அந்தக் காலத்தில் செடிக்கும் வாய் இருந்தது, நண்டுக்கும் வாய் இருந்தது, எறும்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வயலுக்குப் போன பெண்கள் களை எடுத்த நேரம் பாதி, களையோடு வாயாடிய நேரம் பாதி. பிடுங்க வந்த கையைப் பார்த்துக் கோரைப்புல், "நேத்துத்தானே ஆத்தா முளைச்சேன், ரெண்டு நாள் பொறுக்கக் கூடாதா?" என்று கேட்கும். கேட்ட பிறகு யாருக்குப் பிடுங்க மனசு வரும்? அதனால் அந்தக் காலத்து வயல்களில் நெல் குறைவாகவும் பேச்சு அதிகமாகவும் விளைந்தன.

அப்படி ஒரு வயலில், கண்மாயின் மேலமடைக்குக் கீழே, முழங்கால் சேற்றில், அக்காளும் தங்கையுமாக இரண்டு ஆரைச் செடிகள் இருந்தன. ஒரு காம்பு, அதன் உச்சியில் சுற்றிவர நாலு இலை. தண்ணீர் ஏறினால் இலைகள் தட்டுப்போல மிதக்கும். வடிந்தால் குடைபோல நிமிரும். இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு மஞ்சள் பூ. ஒரு நாள் அக்காள் சூடிக்கொள்வாள், மறுநாள் தங்கை. மடைத் தண்ணீரை முறைவைத்துப் பாய்ச்சுவதுபோல, பூவையும் முறைவைத்துச் சூடினார்கள். பூ இருக்கிறவள்தான் மூத்தவள் என்று கொக்கு ஒன்று நினைத்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் அது தப்பு.

இளையவளுக்கு இதில் மனக்குறை உண்டு.

"என்னைப் பாத்து என்னைக்காவது ஒருத்தர், இவதான் சின்னவன்னு சொல்லியிருக்காங்களாக்கா?"

"சொல்லி என்ன ஆகப்போகுது? ஒரே சேறு, ஒரே தண்ணி. காத்து வருது, குனிஞ்சுக்க" என்பாள் மூத்தவள்.

அந்த ஊரின் நீர்பாய்ச்சி சடையாண்டி. எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் என்பது அவன் பொறுப்பு. கண்ணைக் கட்டிவிட்டு ஒரு கை தண்ணீர் கொடுத்தால், நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது கீழமடை. இது ஊற்று. இது மாடு குளிப்பாட்டுற துறை, ஏண்டா இதைக் கொடுத்தீங்க?" என்று சொல்லிவிடுவான்.

அவனிடம் ஒரு வழக்கம் இருந்தது. அவன் அப்பனிடமிருந்து வந்தது. மடையைத் திறப்பதற்கு முன்னால் மடைக்கல்லில் மண்வெட்டியின் பின்பக்கத்தால் மூன்று தட்டுத் தட்டுவான். அந்தச் சத்தம் கேட்டதும் நண்டு வளைக்குள் போகும். தவளை கரையேறும். வரப்பின் அடியில் குடியிருந்த செவ்வெறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு வரப்பின் உச்சிக்கு ஓடும். எல்லோரும் ஏறியாகிவிட்டது என்று நண்டு கொடுக்கை ஆட்டிக் காட்டும். அதற்குப் பிறகுதான் தண்ணீர். ஒரு நாளும் இது தவறியதில்லை.

அப்போது சடையாண்டியின் மனைவி பஞ்சவர்ணம் மூன்று மாதமாக உண்டாகியிருந்தாள். ஊரே வந்து வாழ்த்திவிட்டுப் போனது. ஆனால் அவள் வயிற்றில் ஒரு பருக்கை தங்கவில்லை. கஞ்சி குடித்தால் கஞ்சி திரும்பி வந்தது. கேழ்வரகுக் களி வந்தது. தேன் தடவிய தினைமாவு, தின்ற வேகத்தைவிட அதிக வேகத்தில் வந்தது.

"என்னதான் வேணும் உனக்கு? வாயைத் திறந்து சொல்லு புள்ள" என்றான் சடையாண்டி.

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா மச்சான்? ஒரு ருசி. நாக்குல பட்டா கண்ணு தானா மூடிக்கணும். தாடை ரெண்டும் கூசணும். உடம்பு ஒரு குலுக்குக் குலுக்கணும்."

"பேய் புடிச்ச மாதிரியா?"

"ஆமா. ஆனா சந்தோசமா."

இதற்கு அந்த ஊரில் பெயர் இல்லை. இனிப்பு இருந்தது, உப்பு இருந்தது, மிளகின் காரமும் வேப்பிலையின் கசப்பும் இருந்தன, வாழைப்பூவில் துவர்ப்பு இருந்தது. புளிப்பு மட்டும் கிடையாது. புளியமரம் அந்தப் பக்கம் இன்னும் வந்து சேரவில்லை. எலுமிச்சை தித்தித்தது. மாங்காய் காயாக இருக்கும்போதே தித்தித்தது. மோரை மூன்று நாள் வைத்திருந்தாலும் அது சாதுவாகவே இருந்தது. உலகத்தில் இருந்த மொத்தப் புளிப்பையும் செவ்வெறும்புகள் தங்கள் வயிற்றில் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் நடமாடிக்கொண்டிருந்தன. எறும்பைக் கடித்துப் பார்க்கலாம் என்று எந்த மனிதனுக்குத் தோன்றும்? கடிப்பது எறும்பின் வேலை.

பஞ்சவர்ணம் தினமும் காலையில் வரப்பில் வந்து உட்கார்ந்து, தான் தேடும் அந்த ருசியை ஆரைச் செடிகளிடம் வர்ணிப்பாள். வீட்டில் சொன்னால் எல்லோரும் உடனே எதையாவது சமைத்துக் கொண்டுவந்து நீட்டினார்கள். செடிகள் காது மட்டும் கொடுத்தன. இளையவள் ஒரு சொல் விடாமல் கேட்டாள்.

"கண்ணு மூடணும்னு சொன்னியே, ரெண்டு கண்ணுமா, ஒரு கண்ணா?"

"ஒரு கண்ணு முழுசா. இன்னொரு கண்ணு பாதி" என்பாள் பஞ்சவர்ணம், யோசித்து.

சடையாண்டியின் அக்காள் ராக்கு அடுத்த தெருவில் இருந்தாள். பெரிய வாய், அதைவிடப் பெரிய சமையல். ஒவ்வொரு நாளும் ஒரு சட்டியோடு வருவாள். சட்டியோடு திரும்புவாள்.

"ஏண்டா தம்பி, உன் பொண்டாட்டிக்கு இருக்கிறது நாக்கா, இல்ல அரமனை வாசல்காரனா? எதைக் கொண்டுவந்தாலும் உள்ள விடமாட்டேங்குது!"

"வையிறதுன்னா வையுங்க மதினி. ஆனா கொஞ்சம் தள்ளி நின்னு வையுங்க. நீங்க தின்ன பூண்டு வாடை குமட்டுது."

"பாத்தியாடா! எந்திரிக்கத் தெம்பு இல்ல, எதிர்ப்பேச்சுக்கு மட்டும் குறைச்சல் இல்ல" என்று சொல்லிவிட்டு, மறுநாள் பூண்டு தின்னாமல் வந்தாள் ராக்கு.

சடையாண்டி எதையும் இரண்டு முறை யோசிக்கிறவன். இரண்டு முறை யோசித்ததையும் சரியாகத்தான் யோசித்தோமா என்று மூன்றாவது முறை பார்ப்பவன். 'நான் ஏதாவது தப்புப் பண்ணிவிட்டேனோ? அவளை இந்த ஊருக்குக் கூட்டிவந்ததே தப்போ? அவள் பிறந்த ஊர்த் தண்ணீர் வேறு மாதிரி இருந்திருக்குமோ?' தண்ணீர் என்று நினைத்ததும் அவனுக்குப் பளிச்சென்றது. அவள் தேடும் ருசி ஏதோ ஒரு தண்ணீரில்தான் இருக்கிறது! தச்சனாக இருந்திருந்தால் மரத்தில் தேடியிருப்பான். கொல்லனாக இருந்திருந்தால் இரும்பை நக்கச் சொல்லியிருப்பான். அவன் நீர்பாய்ச்சி.

முதல் நாள் கீழமடைத் தண்ணீர் ஒரு குடம். அடுத்த நாள் ஊற்று. பிறகு பாறைக் குழியில் தேங்கியது. பிறகு மழை. பிறகு, தாமரை இலைகளில் விழுந்த பனியை விடியற்காலை முழுவதும் வழித்துச் சேர்த்த அரைச் செம்பு. பிறகு, இரண்டு காடு தாண்டி ஒரு சுனை. ஆறு தண்ணீர். ஒவ்வொன்றையும் பஞ்சவர்ணம் அவன் முகத்துக்காக ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

"எப்படி இருக்கு?"

"தண்ணி மாதிரி இருக்கு மச்சான்."

ஏழாவது நாள் காலையில் அவள் எழுந்து நிற்கச் சுவரைப் பிடித்தாள். பிடித்தும் நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். அன்று வரப்புக்கும் போகவில்லை. சட்டியோடு வந்த ராக்கு அவளைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை திட்டவில்லை. அவள் தலையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அதுதான் சடையாண்டியைப் பயமுறுத்தியது. அக்காள் திட்டாத நாளை அவன் அதுவரை பார்த்ததில்லை.

பஞ்சவர்ணம் இன்னும் நாக்கில் வைத்துப் பார்க்காத தண்ணீர் ஒன்றே ஒன்று பாக்கி இருந்தது. மேலமடையின் அடித்தண்ணீர். கண்மாயின் ஆழத்தில், வெயிலே பார்க்காமல் கிடப்பது. மடையைத் திறந்த முதல் வீச்சில்தான் வெளியே வரும். மேலமடை திறக்க இன்னும் பத்து நாள் இருந்தது. சடையாண்டி குடத்தையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு ஓடினான். வழியெல்லாம் அந்தத் தண்ணீர் எப்படி ருசிக்கும் என்றே நினைத்துக்கொண்டு போனான். ஒரு கண் முழுசாக, இன்னொரு கண் பாதி. மடைக்கல் மேல் ஏறினான். மடையைத் திறந்துவிட்டான்.

தட்டவில்லை.

"யோவ் சடையாண்டி! தட்டு எங்கய்யா, தட்டு?" என்று நண்டு கத்தியது. அதற்குள் தண்ணீர் அதன் வாயை மூடிவிட்டது.

வரப்பின் அடியில் எறும்புகள் அப்போதுதான் முட்டைகளை வெயிலில் காய வைத்திருந்தன. தண்ணீர் புற்றையும் முட்டையையும் சேர்த்து வாரிக்கொண்டு வயலுக்குள் போனது. எறும்புகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு, நடுவில் முட்டைகளையும் எறும்புத்தாயையும் வைத்து, ஒரு சிவப்பு உருண்டையாக உருண்டு மிதந்தன. உருண்டை போன வழியில் இளைய ஆரை நின்றாள். அவளுடைய நாலு இலைகளும் தண்ணீர்மேல் விரிந்திருந்தன. எறும்புகள் ஒரு இலையில் ஏறிக்கொண்டன.

ஏறியும் பயனில்லை. தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. காம்பு சேற்றில் இழுத்துப் பிடித்திருந்ததால் இலை மேலே எழும்ப முடியாமல் மெல்ல முழுகத் தொடங்கியது.

"மகளே, இந்த இலை காம்பை விட்டுப் பிரிஞ்சாத்தான் கரைக்குப் போகும். அறுக்கலாமா? உன் இலை, நீதான் சொல்லணும்" என்று எறும்புத்தாய் கேட்டது.

"வேண்டாம்டி! நாலுன்னா நாலா இருக்கணும். போனா திரும்ப முளைக்காது" என்று மூத்தவள் பதறினாள்.

இளையவள் அந்த இலையைப் பார்த்தாள். முட்டைகளைப் பார்த்தாள்.

"அறுங்க" என்றாள்.

எறும்புகள் அறுத்தன. இலை ஒரு சுற்றுச் சுற்றி, பரிசல்போலக் கரையைப் பார்த்துப் போனது. போய் வரப்பின் உச்சியில் முட்டியது. ஒரு முட்டைகூடத் தவறவில்லை.

நண்டு கத்திய பிறகுதான் சடையாண்டிக்குத் தான் செய்தது உறைத்தது. குடத்தைப் போட்டுவிட்டு மடையை அடைத்தான். பிறகு இடுப்புத் தண்ணீரில் வரப்புவரை வந்து, எறும்புகளுக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்தான்.

"கடிங்க" என்றான்.

"கடிப்போம், என்ன அவசரம்? முதல்ல ஏன் தட்டலைன்னு சொல்லு" என்றது எறும்புத்தாய்.

சடையாண்டி சொன்னான். மூன்று மாதம், கஞ்சி, களி, தினைமாவு, ஆறு தண்ணீர், அக்காள் திட்டாதது எல்லாவற்றையும் சொன்னான். சொல்லும்போதே அழுதுவிட்டான். நண்டு வளைக்குள்ளிருந்து தலையை நீட்டி, "ருசியைத் தண்ணியில தேடினியா? தண்ணியிலயே பொறந்து வளந்த எனக்கே அதுல ருசி தெரியாதேய்யா" என்றது. அழுதுகொண்டிருந்த சடையாண்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எறும்புத்தாய் வயலைப் பார்த்துத் திரும்பியது. "இவனைக் கடிக்கிறதை அப்புறம் வச்சுக்கலாம். மகளே, நாங்க யாருகிட்டயும் சும்மா வாங்கினதில்ல. இலைக்குப் பதிலா என்ன வேணும், கேளு."

இளையவள் யோசிக்கவே இல்லை. "நாக்குல பட்டா கண்ணு மூடணும். தாடை கூசணும். உடம்பு ஒரு குலுக்குக் குலுக்கணும். அது எங்கயோ இருக்குன்னு பஞ்சவர்ணம் சொல்லுது. அது எனக்கு வேணும்."

எறும்புகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. குசுகுசுவென்று பேச்சு எழுந்தது. "அது நம்ம குலச்சொத்தாச்சே!" என்றது ஒன்று. "வெளிய கொடுத்தா நம்மளைக் கண்டு யாரு பயப்படுவா?" என்றது இன்னொன்று. எறும்புத்தாய் காலால் தரையைத் தட்டியதும் சத்தம் அடங்கியது.

"நான் முட்டைக்காரி. அந்தப் பொண்ணு வயித்துல கிடக்கிறதும் ஒரு முட்டைதான். இந்தச் செடி இன்னைக்கு என் முட்டையைக் காப்பாத்துச்சு. அந்த முட்டைக்கு நான் இல்லேன்னு சொல்லவா?"

எறும்புகள் தலையாட்டின. எறும்புத்தாய் இளையவள் பக்கம் திரும்பியது.

"ஆனா ஒண்ணு, மகளே. இது கரையிற சரக்கு. காலை நனைச்சுக்கிட்டு சேத்துக்குள்ள நின்னா ரெண்டு நாள்ல உன்னை விட்டுப் போயிரும். நீ கரை ஏறணும். உன் அக்கா இங்க, நீ அங்க. சம்மதமா?"

இளையவள் முதல்முறையாகத் தயங்கினாள். அக்காளைப் பார்த்தாள். நாலு இலைக்காரி, மூன்று இலைக்காரியைப் பார்த்தாள். அந்த நிமிடத்தில்தான் இருவருக்கும் தெரிந்தது, இனி யாரும் அவர்களை மாற்றிக் கூப்பிட முடியாது என்று.

"போடி. அந்தப் பொண்ணு தினமும் வந்து நம்மகிட்டத்தானே சொல்லுச்சு? கேட்டுக்கிட்டுச் சும்மா நின்னா நாமளும் கோரைப்புல்லும் ஒண்ணு" என்றாள் மூத்தவள். "ஆனா என் தங்கச்சி வெறுந்தலையோட கரையேறக் கூடாது."

அன்றைக்குப் பூ மூத்தவளின் முறை. அவள் அதைக் கழற்றித் தங்கைக்குச் சூட்டினாள்.

"நாளன்னைக்கு உன் முறை வரும்போது?" என்று கேட்டாள் இளையவள்.

"எனக்கு இனிமே முறை வேணாம். பூ இருக்கிறவதான் சின்னவன்னு ஊருக்குத் தெரியட்டும். கொக்குக்கும் தெரியட்டும், அது பாவம் ரொம்ப நாளாக் குழம்பிக் கிடக்கு."

அதற்குள் தண்ணீர் வடிந்திருந்தது. எறும்புத்தாய் சேற்றில் இறங்கி இளையவளிடம் வந்தது. மிச்சமிருந்த மூன்று இலைகளிலும், ஒவ்வொன்றின் நுனியிலும், நட்டநடுவில் ஒரு கடி கடித்தது. கடித்த இடம் உள்ளே ஒடுங்கி, ஒவ்வொரு இலையும் இரண்டு கன்னம்போல ஆனது. கடித்த வழியாகப் புளிப்பு உள்ளே இறங்கியது. இளையவள் உடம்பு முழுக்க ஒரு குலுக்குக் குலுக்கினாள்.

"இதுதான்! இதேதான் அவ சொன்னது!" என்று கூவினாள்.

இனி அவளை எங்கே நடுவது? அந்தக் கேள்விக்கு அந்த ஊரில் சடையாண்டியைவிடச் சரியாகப் பதில் சொல்லக்கூடியவன் கிடையாது. அவள் வேரோடு ஒரு பிடி மண்ணைச் சேர்த்து அள்ளிக்கொண்டு, வரப்பில் இங்கும் அங்கும் நடந்தான். ஒவ்வோர் இடத்திலும் மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தான். "இங்க ஈரம் அதிகம். இங்க மதியத்துல சுடும். இங்க மாடு மிதிக்கும்." கடைசியில் மடைக்கல்லின் பக்கவாட்டில், கல்லின் நிழல் பாதி நாள் விழுகிற இடத்தில் நின்றான். அங்கே தண்ணீர் தொடாது. ஆனால் தண்ணீரின் குளிர்ச்சி எட்டும். அங்கே நட்டான். அங்கிருந்து பார்த்தால் மூத்தவள் நிற்கிற சேறு நேராகத் தெரிந்தது.

"மூணு இலையையும் கிள்ளிக்க. வலிக்காது, கூசும். இனிமே கிள்ளக் கிள்ள முளைச்சிரும்" என்றாள் இளையவள்.

"மூணாவா, நாலாவா?"

"மூணாத்தான். அது கொடுத்தது கொடுத்ததுதான்."

சடையாண்டி மூன்று இலைகளையும் உள்ளங்கையில் பொத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். பஞ்சவர்ணம் ராக்குவின் மடியில் கண்ணை மூடிக் கிடந்தாள். வாசலில் அவன் வெறுங்கையோடு வருவதைப் பார்த்து, "குடம் எங்கடா? இன்னைக்குத் தண்ணி கூட இல்லையா?" என்றாள் ராக்கு.

அவன் ஒரு இலையைப் பஞ்சவர்ணத்தின் நாக்கில் வைத்தான்.

அவள் மென்றாள். ஒரு கண் முழுசாக மூடியது. இன்னொரு கண் பாதி. மூக்கு சுருங்கியது. தாடை இரண்டும் கோணின. தோள் எழும்பிக் காதைத் தொட்டது. உடம்பு ஒரு குலுக்குக் குலுக்கியது.

"ஐயையோ, என்னத்தடா பாவி கொடுத்த!" என்று ராக்கு அலறினாள்.

பஞ்சவர்ணம் கண்ணைத் திறந்தாள். சிரித்தாள். மூன்று மாதமாக அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு.

"இன்னொண்ணு" என்றாள்.

இரண்டாவது இலையைத் தின்றுவிட்டு, "மதினி, அந்தச் சட்டியில என்ன?" என்று கேட்டாள்.

"சோறுதான். வேறென்ன?"

"கொண்டாங்க."

தின்றாள். தங்கியது. இன்னும் கொஞ்சம் தின்றாள். அதுவும் தங்கியது. சட்டியின் அடியைச் சுரண்டும் சத்தம் தெருவரை கேட்டது. ராக்கு வாசலில் நின்று, "என் சட்டி காலி! ஏய், எல்லாரும் வந்து பாருங்க, என் சட்டி காலி!" என்று ஊரைக் கூட்டினாள். கூடியவர்கள் கொஞ்ச நேரத்தில் மடைக்கல்லைச் சுற்றி நின்றார்கள். செடி கூசக் கூச இலை தந்தது. ஒவ்வொருவர் முகமும் ஒவ்வொரு விதமாகக் கோணியது. அடுத்தவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியவர்கள் தங்கள் முகமும் அப்படித்தான் இருந்தது என்று தெரிந்ததும் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். ராக்குவின் முகத்தைப் பார்த்து நண்டு வளையை விட்டே வெளியே வந்துவிட்டது. "இதுக்குப் பேரு என்ன?" என்று யாரோ கேட்டார்கள். "புளிப்பு" என்றது எறும்புத்தாய், கொஞ்சம் பெருமையாகவும் கொஞ்சம் வருத்தமாகவும்.

பஞ்சவர்ணத்தின் மூன்றாவது இலை கைதவறி மோர்ச்சட்டியில் விழுந்ததால்தான் மோர் புளிக்கக் கற்றுக்கொண்டது. மாங்காய்க்கும் எலுமிச்சைக்கும் அது எப்படிப் போனது என்பது இருளாயிக்கே சரியாகத் தெரியாது. அணிலைக் கேட்கச் சொல்வாள்.

அந்தி சாயும்போது ஊர் கலைந்தது. இளையவள் மடைக்கல்லோரம் தனியாக நின்றாள். கீழே சேற்றிலிருந்து மூத்தவள் கூப்பிட்டாள்.

"அடியே! இருட்டினா உன்னை எனக்குத் தெரியாது, என்னை உனக்குத் தெரியாது. தேடித் தேடி கண்ணு வலிக்கும். பொழுது இறங்கினதும் ரெண்டு பேரும் ஒரே நேரத்துல இலையை மூடிக்குவோம். மூடிக்கிட்டா பக்கத்துல இருக்கிற மாதிரிதான் இருக்கும்."

"சரிக்கா."

இருவரும் மூடிக்கொண்டார்கள். சடையாண்டியை எறும்புகள் அன்று கடிக்கவில்லை. ஆனால் கடன் தீர்ந்ததாகவும் சொல்லவில்லை. அதனால் அவன் அதற்குப் பிறகு மூன்று தட்டுக்குப் பதிலாக நாலு தட்டினான். நாலாவது, போன இலைக்காக.

அன்று முதல்தான், ஆரை நாலு இலையோடு, பூவில்லாமல், வயல் சேற்றிலும் குளத்துத் தண்ணீரிலும் நிற்கிறாள். அவள் தங்கை புளியாரை, நுனி கடிபட்ட மூன்று இலையோடு, மஞ்சள் பூச் சூடி, ஈரம் எட்டுகிற வரப்போரத்திலும் கல்லிடுக்கிலும் கிணற்றடியிலும் குடியிருக்கிறாள். எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் அந்தி சாய்ந்ததும் இருவரும் ஒன்றாக இலையை மூடிக்கொள்கிறார்கள்.

கதை இவ்வளவுதான். இதை எழுதுகிறவன் பிறகு ஒரு புத்தகத்தில் பார்த்தான். ஆரை பூக்கிற இனமே அல்லவாம், என்றைக்கும் பூத்ததில்லையாம். அவன் சந்தேகம் இன்னும் கனத்தது. இல்லாத பூவை எப்படிக் கழற்றிக் கொடுக்க முடியும்? போன செவ்வாய்க்கிழமை, இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டு சந்தைக்குப் போனான். வழியெல்லாம் கேள்விகளைச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். பூவைப் பற்றி ஒன்று, மோரைப் பற்றி ஒன்று, எறும்பைப் பற்றி இரண்டு.

இருளாயி ஆரைக்கீரைக் கட்டுகளை ஒரு பக்கமும் புளியாரைக் கட்டுகளை ஒரு பக்கமும் அடுக்கித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். அவன் நின்ற நிலையைப் பார்த்து, "என்னண்ணே, ஏதோ கேக்க வந்த மாதிரி நிக்கிறீங்க?" என்றாள்.

அவன் ஒரு புளியாரை இலையைக் கிள்ளி வாயில் போட்டான். ஒரு கண் முழுசாக மூடியது, இன்னொரு கண் பாதி. திறந்தபோது, சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த கேள்விகளில் ஒன்றுகூட நினைவில் இல்லை. பதினெட்டு வருடமாக உள்ளே கிடந்த வேறொன்று வாயில் வந்து நின்றது.

"ஏத்தா இருளாயி, பஞ்சவர்ணத்துக்கு என்ன பிள்ளை பொறந்துச்சு?"